ரீசெட்டா, ரெயின்போவா, ஸ்ப்ளைனா: வேளாண்மை டேட்டாவுக்கு எந்தச் சோதனை?

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு வந்தாறுமூலை, ஒலுவில் என்று இலங்கையின் கிழக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களின் பைனல் இயர் பிள்ளைகள் கையில் ஒரு எக்செல் ஷீட் இருக்கும். விவசாயி, எந்த வட்டை (வயல்வெளி), எத்தனை ஏக்கர், யூரியா எத்தனை கிலோ, கூலியாள் எத்தனை நாள், கடைசி நிரலில் எத்தனை மூடை. அதை வைத்து, மூடையை மற்ற நிரல்களால் விளக்கும் ஒரு ரிக்ரெஷன் (நேர்கோட்டு மாடல்) ஓட்டினால், அது எவ்வளவு விளக்குகிறது என்று காட்டும் ஆர் வர்க்கம் 0.8ஐத் தாண்டி வரும், எல்லாருக்கும் சந்தோசம். அப்புறம் சுப்பவைசர் "லினியாரிட்டி பார்த்தீங்களா?" என்று, அதாவது உறவு நேர்கோடுதானா என்று, ஒரே ஒரு கேள்வி கேட்பார். உடனே கூகிளில் தேடி, கண்ணில் பட்ட முதல் சோதனையை ஓட்டி, பீ பெறுமதி 0.05க்கு மேலே (நேர்கோட்டை நிராகரிக்கவில்லை) என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை.

என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். பரிசோதனை வயலில் ஒரே பசளை அளவைப் பல பாத்திகளில் போட்ட டேட்டா என்றால் லாக் ஒஃப் ஃபிட் சோதனை, வேறு பேச்சே இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்த சர்வே என்றால் சந்தேகம் உள்ள மாறிக்கு ஸ்ப்ளைன் (துண்டுகளாக இணைந்து வளையும் கோடு) போட்டு, அதன் வளைவுப் பகுதியை மட்டும் சோதிப்பது. ரீசெட் சோதனையை ஒரு துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ரெயின்போவும் ஹார்வி–கொலியரும் குறிப்பிட்ட சில இடங்களுக்குத்தான் பொருந்தும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இனி.

எல்லாரும் முதலில் ஓடிப் போவது ரீசெட்டிடம்தான், ஆகவே அதிலிருந்தே பார்ப்போம். ராம்சி 1969இல் தந்த சோதனை இது. மாடலை ஓட்டி, அது கணித்துத் தரும் பெறுமதிகளை எடுத்து, அவற்றின் வர்க்கத்தையும் கனத்தையும் புதிய மாறிகளாக அதே மாடலுக்குள் திரும்பப் போடுவார்கள். அவை இரண்டும் சேர்ந்து ஏதாவது விளக்கினால் நேர்கோடு போதவில்லை என்று அர்த்தம். 60 விவசாயிகள், வெட்டுத்துண்டோடு சேர்த்து 4 குணகங்கள் என்றால் எஃப் சோதனைக்குச் சுயாதீனப் படிகள் (கணக்குக்குச் சுதந்திரமாக மிஞ்சும் தகவல்களின் எண்ணிக்கை) 2உம் 54உம். செலவு குறைவு, ஒரு வரிக் கட்டளை, எந்த மாறி வளைந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவும் தேவையில்லை. இதனால்தான் எல்லாருக்கும் பிடிக்கிறது.

ஆனால் நம்முடைய நெல் டேட்டாவில் இது தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. மொத்த மூடைகளை ஏக்கர், யூரியா, கூலி என்று எல்லாவற்றின் மீதும் ரிக்ரெஸ் செய்தால் ஏக்கர்தான் எல்லாவற்றையும் விழுங்கும். பத்து ஏக்கர் வைத்திருக்கும் போடியாருக்கும் (பெரிய வயல்காரர்) ஒரு ஏக்கர் செய்கிறவருக்கும் மூடைக் கணக்கில் உள்ள வித்தியாசத்தில் யூரியாவின் பங்கு கண்ணுக்கே தெரியாது. அப்போது மாடல் கணிக்கும் பெறுமதி என்பது கிட்டத்தட்ட ஏக்கரேதான், அதன் வர்க்கமும் ஏக்கரின் வர்க்கம்தான். யூரியாவில் எவ்வளவு பெரிய வளைவு ஒளிந்திருந்தாலும் ரீசெட் அதைத் தொடாமல் கடந்து போய் "பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிடும். வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானையிடம் "தண்ணி போதுமா?" என்று மட்டும் கேட்டால் மொத்தத்துக்குப் போதும் என்பார், எந்த வரம்பு உடைந்திருக்கிறது என்று அந்தப் பதிலில் இருக்காது, ரீசெட்டும் அப்படித்தான். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மூடையை ஏக்கருக்கு எவ்வளவு என்று மாற்றி, யூரியாவையும் ஏக்கருக்குக் கிலோவாக்கி மாடலை எழுதுவது. பசளைக் கேள்விக்கு அதுதான் எப்படியும் சரியான வடிவம். மற்றது, கணித்த பெறுமதிகளுக்குப் பதிலாக விளக்க மாறிகளின் படிகளையே போடும் ரீசெட் வகையைப் பாவிப்பது. ஆர் மென்பொருளின் எல்எம்டெஸ்ட் தொகுப்பில் அதற்குத் தெரிவு இருக்கிறது, ஆனால் யாரும் தொடுவதில்லை.

இன்னொரு சின்ன விசயம். எல்எம்டெஸ்ட் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் வர்க்கத்தையும் கனத்தையும் எடுக்கும். ஸ்டேட்டாவின் ஓவிடெஸ்ட் நான்காம் படிவரை எடுக்கும். ஒரே டேட்டா, ஒரே மாடல், கூட்டாளி ஸ்டேட்டாவில் ஓட்டினால் வேறு பீ பெறுமதி. இதைப் பார்த்துவிட்டு யாருடைய கணினி பிழை என்று சண்டை பிடிக்க வேண்டாம், எந்தப் படிகளைப் போட்டீர்கள் என்று அறிக்கையில் எழுதினால் போதும். ஸ்டேட்டாவின் லிங்க்டெஸ்டும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான், வர்க்கத்தோடு நின்றுவிடும்.

ரீசெட்டைப் பற்றிய பெரிய தவறான நம்பிக்கைக்கும் அந்த ஸ்டேட்டா வெளியீடே ஒரு காரணம். மாடலில் விடுபட்ட மாறி இல்லை என்பதே சூனியக் கருதுகோள் (சோதனை தொடங்கும் அனுமானம்) என்று அதில் அச்சாகிறது. அதைப் படித்த பிள்ளை, பீ பெறுமதி 0.4 வந்ததும், "முக்கியமான மாறி எதுவும் விடுபடவில்லை" என்று எழுதிவிடுகிறது. ரீசெட்டால் அதைச் சொல்லவே முடியாது. சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்திலிருந்து வரும் வாய்க்காலின் தலைப்பகுதியில் வயல் உள்ளவருக்குத் தண்ணீர் நிச்சயம், அந்த நம்பிக்கையில் அவர் யூரியாவையும் கூடப் போடுவார். கடைக்கோடியில் உள்ளவர் தண்ணீர் வருமோ வராதோ என்று பயந்து குறைத்துப் போடுவார். தண்ணீர் உங்கள் ஷீட்டில் ஒரு நிரலாக இல்லை. யூரியாவின் குணகம் தண்ணீரின் பங்கையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு பெருத்துப் போயிருக்கும். ஆனால் விடுபட்ட தண்ணீருக்கும் யூரியாவுக்கும் உள்ள உறவு நேர்கோடாகவே இருந்தால், வளைவைத் தேடும் ரீசெட்டுக்கு அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. இந்தப் பிழைக்குச் சோதனை என்று ஒன்று கிடையாது. வயல் வாய்க்காலின் எந்தப் பக்கம் என்று கேட்டு ஒரு நிரல் சேர்ப்பதுதான் வழி.

சரி, லாக் ஒஃப் ஃபிட். இது பழைய சோதனை, பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம்தான், ஆனால் இடம் பொருந்தினால் இதை அடிக்க ஆளில்லை. தேவை ஒன்றே ஒன்று: விளக்க மாறியின் (எக்ஸ்) ஒரே பெறுமதிக்குப் பல அவதானிப்புகள். நைதரசன் எக்டேயருக்கு 0, 30, 60, 90, 120 கிலோ என்று ஐந்து மட்டங்கள், ஒவ்வொன்றும் நான்கு பிளொக்கில் (வயல் பிரிவில்), மொத்தம் 20 பாத்தி என்று வைத்துக்கொள்வோம். ஒரே மட்டம் போட்ட பாத்திகளுக்குள் பிளொக் வித்தியாசத்தைக் கழித்த பிறகும் மிஞ்சும் ஏற்ற இறக்கம், எந்த மாடலாலும் விளக்க முடியாத சுத்தமான வழு. அதற்கு 12 சுயாதீனப் படிகள். ஐந்து சராசரிகளும் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதற்கு 3. விலகலின் வர்க்கக் கூட்டுத்தொகை 1.8 என்றால் மூன்றால் பிரிக்க 0.6, சுத்த வழு 1.2 என்றால் பன்னிரண்டால் பிரிக்க 0.1, எஃப் 6. ஐந்து வீத மட்டத்தில் எல்லை 3.49தான். நேர்கோடு போதாது, கதை முடிந்தது. வளைவு எந்த வடிவம் என்று ஊகிக்கத் தேவையில்லை, கூர்மையாக மடிந்திருந்தாலும் பிடிக்கும். ரீசெட் போல ஒரு பல்லுறுப்பியைக் கற்பனை செய்துகொண்டு தேடும் வேலை இதில் இல்லை.

யூரியாவில் 46 வீதம்தான் நைதரசன். ஷீட்டில் யூரியாக் கிலோவா நைதரசன் கிலோவா என்று குழம்பி நிற்கிறவர்களுக்கு ஒரு ஆறுதல்: எதைப் போட்டாலும் இந்தச் சோதனையின் எஃப் மாறாது. குணகம்தான் மாறும், அதைக் கவனமாக எழுதுங்கள்.

இதில் ஏமாறும் இடம், ஒரே பாத்தியை மூன்று தடவை நிறுத்துவிட்டு மூன்று மறுசெய்கை என்று போடுவது. அது தராசின் வழுவைத்தான் அளக்கிறது, வயலின் வழுவை அல்ல. எஃப் பின்னத்தின் கீழே உள்ள சுத்த வழு போலியாகச் சிறுத்து, எஃப் ஊதிப் பெருத்து, எந்த நேர்கோடும் நிராகரிக்கப்படும்.

எஸ்பிஎஸ்எஸ் பாவிக்கிறவர்கள் மீன்ஸ் மெனுவுக்குள் போய் லினியாரிட்டி சோதனையை டிக் பண்ணி, "டீவியேஷன் ஃப்ரம் லினியாரிட்டி" என்ற வரியைப் படிக்கிறார்களே, அதுவும் இதே லாக் ஒஃப் ஃபிட்தான். ஆனால் சர்வே டேட்டாவில் அதைச் செய்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். மழைவீழ்ச்சியோ வருமானமோ ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண், ஒரே எண் இரண்டு பேருக்கு வந்தால் அதிசயம். குழுவுக்குள் சுயாதீனப் படி இரண்டு மூன்றுதான் மிஞ்சும், சோதனைக்குப் பலமே இருக்காது, பீ பெறுமதி பெரும்பாலும் 0.05க்கு மேலேதான் நிற்கும். அதோடு அது ஒரு நேரத்தில் ஒரு மாறியைத்தான் பார்க்கும், மற்றவற்றைக் கட்டுப்படுத்தாது. ரிக்ரெஷனில் நான்கு மாறிகளைப் போட்டுவிட்டு லினியாரிட்டியை ஒவ்வொன்றாகத் தனியே பார்ப்பது வேறு ஒரு கேள்விக்கான பதில்.

ரெயின்போ சோதனை 1982இல் அட்ஸ் தந்தது. டேட்டாவின் நடுப் பாதியை மட்டும் எடுத்து ஒரு கோடு போடுங்கள், முழுவதற்கும் ஒரு கோடு போடுங்கள். உண்மையான உறவு வளைவாக இருந்தாலும் நடுவில் ஒரு சிறு துண்டு கிட்டத்தட்ட நேராகத்தான் தெரியும், ஆகவே நடுக்கோடு நன்றாகப் பொருந்தி முழுக்கோடு கெட்டுப்போனால் வளைவு இருக்கிறது. அழகான யோசனை. நடைமுறையில் இரண்டு சிக்கல். எதை வைத்து நடு என்று சொல்லாவிட்டால் ஆர் அது ஷீட்டில் உள்ள வரிசையையே எடுத்துக்கொள்ளும். உங்கள் ஷீட் வாழைச்சேனையில் தொடங்கி ஏறாவூர், வவுணதீவு, வெல்லாவெளி என்று ஊர் வரிசையில் இருந்தால், நடுப் பாதி என்பது நடுவில் உள்ள ஊர்கள். நீங்கள் சோதிப்பது வளைவை அல்ல, வவுணதீவுப் பக்கம் மற்ற இடங்களைப் போல இருக்கிறதா என்பதை. வரிசைப்படுத்தும் மாறியைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இரண்டாவது, பெரிய வயல்களில் விளைச்சல் சிதறலும் பெரிதாக இருக்கும், விசிறி மாதிரி விரிந்துகொண்டு போகும். அப்படியான டேட்டாவில் ஓரங்களின் சராசரிச் சிதறல் நடுவை விடக் கூடும், வளைவே இல்லாமலும் ரெயின்போ கத்தும். ஒரு பெரிய போடியாரின் பிழையாக எழுதப்பட்ட மூடைக் கணக்கும் அதே வேலையைச் செய்யும்.

ஹார்வி–கொலியர், 1977, இன்னும் ஒடுங்கிய சோதனை. டேட்டாவை ஒரு மாறியின்படி அடுக்கி, ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்துச் சேர்த்து அடுத்ததைக் கணித்து, அந்தக் கணிப்பு வழுக்களின் சராசரி பூச்சியமா என்று ஒரு டீ சோதனை. ஒரே பக்கமாக மேலே அல்லது கீழே வளைகிற உறவுக்கு இது கூர்மையானது, ஏனென்றால் வழுக்கள் எல்லாம் ஒரே பக்கம் குவியும். எஸ் வடிவத்தில் வளைந்தால் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சோதனை அமைதியாக இருந்துவிடும். விதைத்து எத்தனை நாள் என்பதற்கு எதிராகப் பயிரின் உயரம் போன்ற டேட்டா எஸ் வடிவம்தான், அங்கே இதைக் கொண்டு போகாதீர்கள். இங்கேயும் வரிசை முக்கியம், அதைச் சொல்லாவிட்டால் மேலே சொன்ன அதே கூத்து.

இனி நான் சர்வே டேட்டாவுக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும் தெரிவு: கட்டுப்படுத்திய கன ஸ்ப்ளைன். யூரியாவின் வீச்சில் மூன்று அல்லது நான்கு முடிச்சுகளை வைத்து, அவற்றுக்கிடையே மென்மையாக வளையும் ஒரு கோடு, இரண்டு ஓரங்களிலும் நேராக. மூன்று முடிச்சு என்றால் நேர்கோட்டுக்கு மேலாக ஒரே ஒரு கூடுதல் உறுப்பு, நான்கு என்றால் இரண்டு. அந்தக் கூடுதல் உறுப்புகள் எல்லாம் பூச்சியமா என்று எஃப் சோதனை செய்தால் அதுதான் லினியாரிட்டி சோதனை. ஏக்கர், கூலி, விதையினம் எல்லாம் மாடலுக்குள் இருக்கும்போதே யூரியாவை மட்டும் குறிவைத்துக் கேட்கிறீர்கள். பதில் "நேர்கோடு இல்லை" என்று வந்தால் எப்படி வளைகிறது என்று படமும் கையில் இருக்கிறது. எந்த இடத்தில் ஏற்றம் தளர்கிறது, எங்கே இறங்கத் தொடங்குகிறது என்று சுப்பவைசரிடம் காட்டலாம். ரீசெட்டால் ஒருபோதும் தர முடியாதது இது. 60 விவசாயிகளுக்கு மூன்று முடிச்சு போதும்; ஆசைப்பட்டு எல்லா மாறிக்கும் ஐந்து முடிச்சு போட்டால் சுயாதீனப் படி கரைந்து நியம வழு (குணகத்தின் நிச்சயமின்மை) வீங்கிவிடும்.

கேம் மாடல் (எவ்வளவு வளைவது என்று டேட்டாவே தீர்மானிக்கும் மாடல்) பாவிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர் மென்பொருளின் எம்ஜிசிவி தொகுப்பு மென்மையான உறுப்புக்குப் பக்கத்தில் தரும் பீ பெறுமதி, அந்த மாறிக்கு விளைவே இல்லையா என்ற கேள்விக்குரியது. வளைவு இருக்கிறதா என்பதற்கு அது பதில் அல்ல. யூரியாவுக்கு 0.001 வந்துவிட்டது, ஆகவே நேர்கோடு இல்லை என்று எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுவீர்கள். பக்கத்தில் உள்ள பயனுறு சுயாதீனப் படியைப் பாருங்கள், அது 1ஐ ஒட்டி நின்றால் மாடல் தானாகவே நேர்கோட்டைத் தேர்ந்திருக்கிறது. சோதனையாகவே வேண்டும் என்றால் நேர்கோட்டு மாடலையும் மென்மையான மாடலையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

பொருளியல் பிள்ளைகள் இவ்வளவும் கேட்டுவிட்டு, நாங்கள் எல்லாவற்றுக்கும் மடக்கை (லொக்) எடுக்கிறோம், அது கொப்–டக்ளஸ் உற்பத்திச் சார்பு, எங்களுக்குப் பிரச்சினையில்லை என்பார்கள். மடக்கை எடுத்தால் வளைவு நிறையத் தணியும், உண்மைதான், விசிறிச் சிதறலும் அடங்கும். ஆனால் யூரியாப் பூச்சியம் என்று எழுதிய விவசாயிக்கு மடக்கை கிடையாது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு நவம்பரில்தான் தளர்த்தப்பட்டது. அந்தப் பெரும்போகத்து டேட்டாவை வைத்திருப்பவர்கள் பூச்சியங்களைச் சும்மா விட முடியாது. எல்லாவற்றோடும் ஒன்றைக் கூட்டி மடக்கை எடுப்பது பரவலான தந்திரம். ஆனால் கிலோவில் கூட்டிய ஒன்றும் அந்தரில் (ஏறத்தாழ 50 கிலோ எடை அலகு) கூட்டிய ஒன்றும் வேறு வேறு விடை தரும், அதனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாவித்தாரா இல்லையா என்று தனி மாறி ஒன்று, பாவித்தவருக்கு அளவு இன்னொன்று என்று பிரிப்பது மேல்.

அந்தத் தடை இன்னொரு விதத்திலும் சோதனைகளைக் குழப்பும். 2015 முதல் 2023 வரை போகம் போகமாக எடுத்த தொடரில் ஒரு இடத்தில் உறவே மாறிவிட்டது என்றால், ரீசெட் அதை வளைவு என்று நினைத்து நிராகரிக்கலாம். நீங்களும் வர்க்க உறுப்பைச் சேர்த்துச் சமாளிக்கலாம், படம் அழகாகவும் வரும், அர்த்தம் ஒன்றும் இருக்காது. முறிவு எங்கே என்று தெரிந்தால் அதற்கு முன்னும் பின்னும் குணகங்கள் ஒன்றா என்று பார்க்கும், 1960இல் வந்த சௌ சோதனைதான் அதற்குரியது. வாவி டேட்டாவிலும் இதே கதை. மட்டக்களப்பு வாவியின் உவர்ப்பை மழைவீழ்ச்சியோடு தொடர்புபடுத்தினால், முகத்துவார மணல்திட்டு வெட்டப்பட்ட நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு வேறு உறவுகள். மென்மையான எந்த வளைவும் அந்தப் படிக்கட்டைச் சரியாகச் சொல்லாது. வெட்டிய திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நரம்பு வலையமைப்பை வைத்து லீ, வைட், கிரேஞ்சர் மூவரும் தந்த சோதனை, தெராஸ்விர்த்தா சோதனை, பிடிஎஸ் சோதனை, இவை எல்லாம் நீண்ட நேரத் தொடருக்கு. மாதாந்த அரிசி விலை பல வருடங்களுக்கு இருந்தால் யோசிக்கலாம், 60 விவசாயிகளுக்கு வேண்டாம். முதல் சொன்னது எழுமாற்று எண்களைப் பாவிப்பதால் ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் பீ பெறுமதி கொஞ்சம் மாறும், விதை எண்ணை நிலையாக வைக்காமல் ஓட்டிவிட்டு வைவாவில் திரும்ப ஓட்டிக் காட்டச் சொன்னால் சிரமம்.

எதைத் தெரிந்தாலும் நான்கு விசயம் பொது. பீ பெறுமதி 0.3 வந்தது நேர்கோடு என்பதற்கு நிரூபணம் அல்ல, சிறிய மாதிரியில் எந்தச் சோதனையும் பலவீனம்தான். மறுபக்கம் குடும்ப வருமான செலவினக் கணக்கெடுப்புப் போல ஆயிரக்கணக்கான வீடுகள் இருந்தால் ஒன்றுக்கும் உதவாத நுண்ணிய வளைவையும் ரீசெட் நிராகரிக்கும். சிதறல் சமனில்லை என்றால் சாதாரண எஃப் பொய் சொல்லும், அதனால் வலுவான நியம வழுவோடுதான் ரீசெட்டும் ஸ்ப்ளைன் சோதனையும். ஒரே வட்டையில் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பேர் பத்துச் சுயாதீன அவதானிப்புகள் இல்லை, வட்டை வாரியாகக் கொத்தாகக் கணக்கெடுக்க வேண்டும். அப்புறம், ஐந்து சோதனையையும் ஓட்டிப் பிடித்ததை எழுதும் பழக்கம்: ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சோதனைகள் என்றால், பிழையே இல்லாத மாடலிலும் ஒன்றாவது நிராகரிக்க 23 வீத வாய்ப்பு. எதைச் செய்யப் போகிறீர்கள் என்று டேட்டாவைத் திறப்பதற்கு முதலே எழுதி வையுங்கள்.

படத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆன்ஸ்கொம் 1973இல் போட்டுக் காட்டிய நான்கு டேட்டாவும் 11 புள்ளிகள், ஒரே கோடு, ஒரே ஆர் வர்க்கம் 0.67, அதில் ஒன்று தெளிவான வளைவு. பகுதி எச்சப் படத்தை (மற்ற மாறிகளின் பங்கைக் கழித்த பிறகு ஒரு மாறியின் உறவைக் காட்டும் படம்) மாறிக்கு ஒன்றாகப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நிராகரித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் அறிக்கைகள் அதிகம் கெட்டுப்போகின்றன. நைதரசன் கூடினால் நெல் ஒரு கட்டத்துக்கு மேல் சாயும், நோயும் பூச்சியும் சேரும் என்பது வயலில் நிற்கிற எவருக்கும் தெரியும், ஆகவே வர்க்க உறுப்பு போடுவதற்குச் சோதனையின் அனுமதி கூடத் தேவையில்லை. போட்டதும் உச்சத்தைக் கணக்கிடுவீர்கள். கணக்குக்காக, நேர் உறுப்பின் குணகம் 0.036, வர்க்க உறுப்பினது மறை 0.00015 என்றால் உச்சம் 120 கிலோவில். உங்கள் சர்வேயில் ஆகக் கூடப் போட்டவரே 90 கிலோதான் என்றால் அந்த 120 டேட்டாவில் இல்லை, பரவளைவுச் சமன்பாட்டில் மட்டும்தான் இருக்கிறது. விவசாயிக்கு 120 கிலோவைப் பரிந்துரைக்கிறோம் என்று எழுதாமல், 90 வரைக்கும் ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் கிடைக்கும் விளைச்சல் குறைந்துகொண்டே போகிறது என்று மட்டும் எழுதுங்கள், ஸ்ப்ளைன் படத்தைப் பக்கத்தில் வையுங்கள்.